வியாழக்கிழமை வேட்டிகளும் ராசாவின் தபால் பைகளும்

எனக்கு இப்போது எழுபத்துமூன்று வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஆறு பேரும் நன்றாக இருக்கிறார்கள். ஏழாவதாக ஒரு மருமகளையும் வளர்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லலாம். ஆனால் அவள் கேட்டால் கோபிப்பாள், கோபித்தால் கறியில் உப்புக் கூடும். ஆகையால் ஆறு என்றே இருக்கட்டும்.

படிப்பு இரண்டாம் வகுப்பு. அதற்கு மேல் படிக்காதது என் குற்றமில்லை. திருகோணமலையில் நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தை யுத்தக் காலத்தில் வெள்ளைக்கார நேவிக்காரர் எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் அ, ஆ எழுதிய வாங்குகளில் அவர்கள் குந்தியிருந்து சீட்டு விளையாடினார்கள். நான் எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன். மெல்ல எழுதுவேன். எனக்கு எந்த பஸ்ஸும் போய்விடப் போவதில்லை.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், இதே கதையை ஒரு இங்கிலீசுப் புத்தகத்தில் அச்சடித்துவிட்டார்கள். அதில் ஒரு பிழை இருக்கிறது. எங்கள் அப்பாவின் வேட்டிகளை 'பழைய படுக்கை விரிப்புகள்' என்று போட்டிருக்கிறார்கள். அப்பா கோயிலுக்குக் கட்டுகிற வேட்டி. அதில் ஒரு மஞ்சள் புள்ளி பட்டால் அம்மாவோடு அன்று முழுக்கக் கதைக்கமாட்டார். அதைப் போய்ப் படுக்கை விரிப்பு என்றால் நான் சும்மா இருக்க முடியுமா?

நாங்கள் இருப்பது மொன்றியலில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பக்கம், மூன்று மாடி அப்பாட்மென்ற் ஒன்றில். எங்களுக்குக் கீழ்த்தளத்து அடிவீடு. பின்பக்கம் புல்வெளி. நிலக்கீழ் அறையில் உடுப்புத் தோய்க்கும் மெஷினும் காயவைக்கும் மெஷினும் இருக்கின்றன. தோய்க்கும் மெஷினோடு எனக்குக் கோபமில்லை. காயவைக்கும் மெஷினை மட்டும் நான் நம்புவதில்லை. ஒருமுறை மகனின் வேட்டியை அதற்குள் போட்டேன், பொரித்த அப்பளம் மாதிரிச் சுருண்டு வெளியே வந்தது. அன்றிலிருந்து கோடை வந்தால் என் வேட்டிகள் புல்லில்தான் காயும்.

மகன் வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் தொண்டு செய்கிறவன். அதனால் வியாழக்கிழமை காலை வேட்டி தோய்ப்பேன். இரண்டு வேட்டியை நீளத்துக்கு ஒன்றன்பின் ஒன்றாக விரிப்பேன். தலைமாட்டில் ஒன்றைக் குறுக்காக விரிப்பேன். மேலேயிருந்து பார்த்தால் ஒரு மனிதன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பதுபோல இருக்கும். ஏன் அப்படி என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. எங்கள் அம்மா அப்படித்தான் விரிப்பா. திருகோணமலை முற்றத்தில் இரண்டு முருங்கை நின்றது. அவற்றின் நிழல் விழாத இடம் அந்த உருவத்தில்தான் இருந்தது. இங்கே முருங்கையும் இல்லை, நிழலும் இல்லை. கைக்கு அது தெரியாதே.

கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற பிரெஞ்சுக்காரர் ஜன்னலால் எட்டிப் பார்த்து, "மதாம், மதாம், நோ, நோ!" என்று விரலை ஆட்டுவார். நான் "பொன்ஜூர்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேட்டியை விரிப்பேன். எங்களுக்குள் வேறு பேச்சுவார்த்தை கிடையாது.

அப்படி ஒரு வியாழக்கிழமைதான் மூன்றாம் மாடித் துரை ஓடிவந்தார்.

துரை என்று நான்தான் பெயர் வைத்தேன். இங்கிலீசுக்காரர், எண்பது வயதிருக்கும், தனி மனிதர். மாடிப்படியில் கண்டால் தொப்பியைத் தூக்குவார். அன்றைக்குத் தொப்பியும் இல்லை, சப்பாத்தும் இல்லை. வீட்டுச் செருப்போடு, கையில் பாதி கடித்த பாண் துண்டோடு வந்து, என் வேட்டிகளைக் காட்டிக் காட்டி ஏதோ கத்தினார். இவரும் முறைப்பாட்டுக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

குசினியிலிருந்து மருமகள் ஓடிவந்தாள். அவள் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. எது நடந்தாலும் முதலில் என்னைத்தான் கேட்பாள்.

"மாமி, என்ன செய்தனீங்கள்?"

"நான் என்ன செய்தன்? வேட்டி காயப்போட்டன்."

"இந்த மனுசன் அழுகுதே!"

பார்த்தேன். உண்மைதான். கண்ணால் தண்ணீர் ஓடுகிறது, வாயில் பாண் கிடக்கிறது. மருமகள் அவரோடு இங்கிலீசில் கதைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இப்பிடி விரிக்க உங்களுக்கு ஆர் பழக்கினது எண்டு கேக்கிறார்."

"எங்கட அம்மா. வேற ஆர்?"

"எங்க வைச்சு?"

"திருகோணமலையில. சீனக்குடாவுக்குக் கிட்ட."

அந்த இடத்தின் பெயரை அவள் சொல்ல முதலே அவருக்கு விளங்கிவிட்டது. பொத்தென்று இருந்துவிட்டார். இருந்தது தலைமாட்டு வேட்டியில்.

"எழும்பு! எழும்பு! ஈரம் காயேல்ல!" என்று நான் கத்தினேன்.

பிறகு தேத்தண்ணி போட்டுக் கொடுத்து உட்காரவைத்துக் கேட்டோம். அவர் சொல்ல மருமகள் எனக்குச் சொன்னாள். முழுவதும் கேட்டு முடிக்க இரண்டு கேத்தில் தண்ணீர் முடிந்தது.

யுத்தக் காலத்தில் இவர் எங்கள் சீனக்குடாவில் இருந்திருக்கிறார். நேவிக்கும் பிளேன் உண்டு. அந்த நேவிப் பிளேன்காரரில் ஒரு படையணி சண்டைக்கே போகாது. அதற்கு இரண்டே வேலை. ஒன்று, சீமையிலிருந்து கப்பலில் வந்து இறங்குகிற புதுப் பெடியங்களுக்குப் பறக்கவும், வயர்லெஸ் அடிக்கவும், மேலேயிருந்து கீழே பார்க்கவும் பழக்குவது. மற்றது, கொழும்புக்கும் திருகோணமலைக்கும் இடையில் தபாலும் ஆட்களும் சாமான்களும் ஏற்றி இறக்குவது. மருந்து, காகிதம், பெரிய துரைமார், பெரிய துரைமாரின் கிரிக்கெட் மட்டை, ஒரு பல் டொக்டரின் கதிரை, நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, உயிரோடு சில தாரா வாத்துகள். தாராக்கள் ஒருமுறை கூட்டை உடைத்துக்கொண்டு பைலட்டின் மடியில் ஏறினவாம். அந்தப் படையணியின் பெரிய ஆபத்து அதுதான் என்றார்.

சண்டைக்குப் போன மற்றப் படையணிக்காரர் இவர்களைக் கண்டால் "தபால்காரன் வாறான்" என்று சிரிப்பார்களாம்.

இவருக்கு அப்போது பத்தொன்பது வயது. பிளேனில் பைலட்டுக்குப் பின்னால் இருந்து கீழே பார்ப்பது இவர் வேலை. தரையில் வெள்ளைத் துணியில் ஒரு அடையாளம் விரித்திருப்பார்கள். அதைக் கண்டதும் மேலேயிருந்து ஒரு பையைப் போடவேண்டும். கன்வஸ் பை, உள்ளே மணலும் ஒரு துண்டுக் காகிதமும், விழுந்த இடம் தெரிய நீள நீளமாகச் சிவப்பும் மஞ்சளுமான நாடாக்கள். வியாழக்கிழமைகளில் இந்தப் பயிற்சி நடக்கும். அடையாளம், ஒரு மனிதன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பதுபோல.

இதைக் கேட்டதும் நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

இவர் மூன்று முறை பை போட்டார். மூன்றும் காணாமல் போயின. "அடையாளத்தைக் கண்டுதான் போட்டேன்" என்று இவர் சத்தியம் செய்தார். பைலட் நம்பவில்லை. "அந்த இடத்தில் அடையாளமே இல்லை, இவன் பிளேனில் நித்திரை" என்று எழுதிக் கொடுத்துவிட்டான். இவரைப் பறக்கிற வேலையிலிருந்து எடுத்து, தபால் மூட்டை கட்டுகிற மேசையில் இருத்தினார்கள். யுத்தம் முடியும்வரை இவர் நூலும் அரக்கும்தான். யுத்தம் முடிந்து பலர் கனடாவுக்கு வந்தார்கள். வருசம் ஒருமுறை மொன்றியலில் ஒரு மண்டபத்தில் கூடிச் சாப்பிடுகிறார்கள். அங்கே இவருக்குப் பெயர் 'விலாசமில்லாதவன்'. ஒவ்வொரு வருசமும் இவருடைய சாப்பாட்டுத் தட்டில் ஒரு சின்ன மணல் பை வைத்துச் சிரிப்பார்களாம்.

"அறுவது வருசமா?" என்று கேட்டேன்.

"ஓம் மாமி. ஒரு வருசமும் தவறேல்லையாம்."

இப்போது ஆட்கள் குறைந்துவிட்டார்கள். இந்த வருசம்தான் கடைசிக் கூட்டம். படையணியின் சரித்திரத்தை ஒரு புத்தகமாக எழுதுகிறார்கள், எழுதுவது இவர்தான். ஆனால் காணாமல்போன பைகளின் கதையை எப்படி எழுதுவது என்று கூட்டத்தில் கைதூக்கி முடிவெடுப்பார்கள். கைகள் எல்லாம் பைலட் பக்கம்தான் தூக்கப்படும். "நான் கண்டது உண்மை என்று சாகமுதல் ஒருத்தன் சொன்னால் போதும்" என்றார் துரை.

இனி எங்கள் பக்கக் கதையைச் சொல்கிறேன்.

யுத்தத்தில் துணிக்குக் கூப்பன். கூப்பன் இருந்தாலும் கடையில் துணி இல்லை. எனக்கு அப்போது ஒன்பது பத்து வயது. என் பாவாடையில் பாவாடையைவிட ஒட்டுத்தான் அதிகம். அப்பாவும் இரண்டு சித்தப்பாமாரும் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக அம்மா வியாழக்கிழமை வேட்டி விரிப்பா. ஒரு வியாழக்கிழமை இரட்டைச் சிறகு பிளேன் ஒன்று முருங்கையைத் தடவுகிற மாதிரி வந்தது. முற்றத்தில் தொம் என்று ஏதோ விழுந்தது.

ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டுப் போயிருந்த காலம். வீடு முழுக்கக் கட்டிலுக்குக் கீழே. ஒரு கட்டிலுக்குக் கீழே ஐந்து பேரும் ஒரு கோழியும். கன நேரம் கழித்து, பெரிய சித்தப்பா மாங்காய் பறிக்கிற கொக்கைத்தடியை எடுத்து, வாசலில் நின்றபடி அதைக் குத்திப் பார்த்தார். வெடிக்கவில்லை. சின்னச் சித்தப்பா, "அண்ணை, இன்னும் கொஞ்சம் பலமாக் குத்துங்கோ" என்றுவிட்டு அவர் மட்டும் திரும்பக் கட்டிலுக்குக் கீழே போய்விட்டார்.

அம்மா போய்த் தூக்கினா. அம்மா மட்டக்களப்புப் பக்கம், பயம் குறைவு. பிரித்துப் பார்த்தா. மணலை முருங்கையடியில் கொட்டினா. காகிதத்தை அடுப்பில் போட்டா. துணியை வெளிச்சத்தில் பிடித்து இழுத்துப் பார்த்து, முகமெல்லாம் சிரித்தா.

"என்ன துணி புள்ள இது! இழுத்தா இழுபடுதில்ல!"

அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் அம்மா வேட்டி விரித்த விதத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். சுருக்கு ஒன்று இருக்காது. தள்ளி நின்று பார்த்து, திரும்பப் போய்த் தலைமாட்டு வேட்டியை நிமிர்த்துவா. விரித்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு குந்தியிருப்பா. எல்லா வியாழனும் விழாது. ஆனால் இன்னும் இரண்டு விழுந்தன. ஒரு பையில் அப்பாவுக்குத் தலையணை உறை, ஒரு பையில் தனக்கு வெற்றிலைப் பை. நாடாக்களை எல்லாம் சேர்த்து, சிவப்பும் மஞ்சளுமாக எனக்கு ஒரு பாவாடை. இடுப்புப் பட்டிக்குக் கன்வஸ். கன்வஸில் கறுப்பாக ஒரு குறி அச்சடித்திருந்தது, மூன்று கோடு மேலே போய் ஒன்றாகச் சேருகிற மாதிரி. அம்மாவுக்கு அது அம்மனின் சூலம் தலைகீழாக நிற்கிற மாதிரித் தெரிந்தது. "அம்மாளாச்சி தந்தது" என்று அதை முன்பக்கம் வைத்துத் தைத்தா.

பிறகு ஒருநாள் ஜீப் வந்தது. ஒரு வெள்ளைக்காரப் பைலட்டும் ஒரு மொழிபெயர்ப்புக்காரரும் இறங்கினார்கள்.

"வானத்தால ஏதும் விழுந்ததோ எண்டு இந்தப் பைலட் துரை கேக்கிறார்."

"மழை விழுந்தது" என்றா அம்மா.

"வேற?"

"முருங்கைப்பூ விழுந்தது."

நான் பக்கத்தில் நிற்கிறேன், இடுப்பிலிருந்து கணுக்கால்வரை அவர்களுடைய நாடாவைக் கட்டிக்கொண்டு. பைலட் என்னைப் பார்த்தார். பார்த்துச் சிரித்து ஒரு பிஸ்கற் தந்தார். என்னைத் தென்னைக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லி ஒரு காகிதத்தில் பென்சிலால் படம் கீறினார். போகும்போது அம்மாவுக்குத் தொப்பியைத் தொட்டு மரியாதை செய்தார். அம்மாவும் தலையைக் குனிந்தா. எங்கள் ஊரில் அம்மாவுக்கு மரியாதை செய்த ஒரே வெள்ளைக்காரர் அவர்தான்.

அடுப்பில் போட்ட காகிதத்தை மட்டும் விட்டு மற்றதை எல்லாம் நான் சொல்ல, மருமகள் சொல்ல, துரை மேசையில் அடித்து அடித்துச் சிரித்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அந்தக் கூட்டத்துக்கு நான் வந்து இதைச் சொல்லவேண்டுமாம்.

நான் முடியாது என்றேன்.

"எங்கட அம்மாவைக் கள்ளி எண்டு சொல்ல நான் பஸ் ஏறிப் போகவோ?"

மருமகளுக்கு வேறு பயம். "மாமி, அடுத்த மாசம் எங்களுக்குச் சிற்றிசன் சத்தியம். ராணிக்கு விசுவாசமா இருப்பம் எண்டு கைதூக்கவேணும். அப்ப ராசாவா இருந்த ராணியின்ர தேப்பன்ர பையை நீங்கள் எடுத்தது தெரிஞ்சா என்ன செய்வாங்களோ!"

"எடுக்கேல்ல. விழுந்தது. எங்கட முத்தத்தில தேங்காய் விழுந்தா நாங்கள் தென்னையிட்டயா கேக்கிறம்?"

துரை எழும்பினார். தேத்தண்ணிக்கு நன்றி சொல்லிவிட்டு மேலே போனார். ஈர வேட்டியில் இருந்த அடையாளம் அவர் பின்பக்கம் அப்படியே தெரிந்தது.

அடுத்த நாள் அவருக்குக் கொஞ்சம் இடியப்பம் கொண்டுபோனேன். அவருடைய ஜன்னல் தட்டில் வரிசையாகச் சின்னச் சின்ன மணல் பைகள். சிலது நிறம் மங்கியது, சிலது புதுசு. பூச்சாடி வைக்கிற இடம் முழுக்க அதுதான். தட்டில் வைத்துச் சிரித்தவர்களின் பைகளை ஒன்றும் எறியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறது இந்த மனுசன்! எனக்கு வந்த கோபத்தில் இடியப்பத்தை வைத்துவிட்டுக் கீழே வந்து மருமகளிடம் சொன்னேன்.

"பிள்ளை, நான் போறன். நீயும் வாறாய். ஆனா ஒண்டு. களவு எண்ட சொல்லை உன்ர வாயால இங்கிலீசில கொண்டுவரக்கூடாது."

"பேந்து என்னெண்டு சொல்லுறது?"

"பத்திரமா வைச்சிருந்தவ எண்டு சொல்லு."

கூட்டத்தன்று நான் கூறைச் சேலை கட்டினேன். ஒரு பையில் வேட்டிகள், ஒரு பையில் வடை. மண்டபத்தில் பத்துப் பன்னிரண்டு கிழவர்கள், கோட்டில் பதக்கங்கள், ஆளுக்கு ஒரு தடி. மேசையில் ஆறிப்போன கோழியும் உப்பில்லாத உருளைக்கிழங்கும். துரையின் தட்டில் மணல் பை ஏற்கெனவே இருந்தது. துரை காட்டித் தந்தும் பைலட்டை எனக்கு அடையாளம் தெரியவில்லை. நெட்டை மனிதர், தலை முழுக்கப் பஞ்சு, குரல் மட்டும் இன்னும் ஜீப்பில் வந்த குரல்.

மருமகள் எழுந்து எல்லாம் சொன்னாள். நன்றாகச் சொன்னாள். 'பத்திரமாக' என்கிற சொல்லை அவள் போட்ட இடங்களில் கிழவர்கள் சிரித்தார்கள்.

பைலட் சிரிக்கவில்லை. "நல்ல கதை. ஆனால் நானே ஜீப்பில் போய்ப் பார்த்தேன். அங்கே ஒரு நேர்மையான பெண்மணி மழையைத் தவிர ஒன்றும் விழவில்லை என்று சொன்னா" என்றார்.

எங்கள் அம்மாவை நேர்மையான பெண்மணி என்று இவர் சொல்லுகிறார். இதற்கு நான் சந்தோசப்படுவதா, மறுப்பதா? கொஞ்சம் சந்தோசப்பட்டேன். பிறகு வேட்டிகளை எடுத்து, அவர்கள் நடனமாடுகிற தரையில் விரித்தேன், நீளத்துக்கு இரண்டு, குறுக்கே ஒன்று.

"இதை மேலேயிருந்து பார்க்கச் சொல்லு" என்றேன்.

மண்டபத்துக்கு மேலே ஒரு மாடம் உண்டு. ஏறுவதற்குப் படி, படியோரமாக, நடக்க ஏலாதவர்களை ஏற்றி இறக்க ஒரு மின்சாரக் கதிரை. அது ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் கொண்டுபோகும், அதுவும் நத்தை மாதிரி. ஒவ்வொரு கிழவராக ஏறி இருந்து, மேலே போகும்போது கீழே நிற்கிறவர்களுக்குச் சல்யூட் அடித்தார்கள். ஒருவர் வாயால் பிளேன் சத்தம் போட்டார். எல்லோரும் மேலே போய்ச் சேருவதற்குள் நான் இரண்டு வடை சாப்பிட்டுவிட்டேன்.

மேலே கைபிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார்கள். "அதேதான்!" என்றார்கள் சிலர். பைலட் தலையை ஆட்டினார்.

"உயரம் போதாது. இங்கேயிருந்து பார்த்தால் மேசை விரிப்புக்கூட அடையாளம் மாதிரித்தான் தெரியும்."

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"உயரம் காணாதாம் மாமி."

"இனி இவருக்கு ஒரு பிளேனும் பிடிக்கவேணுமோ! நில், நானே மேல போய்க் கதைக்கிறன்."

கதிரைக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியில் ஏறினேன். படியோரச் சுவரெல்லாம் படங்கள். கப்பல், பிளேன், தொப்பி போட்ட தலைகள். நடுவழியில் மூச்சுவாங்க நின்றேன். நின்ற இடத்தில் என் முகத்துக்கு நேரே ஒரு வர்ணப் படம்.

ஒரு தென்னை. அதற்குப் பக்கத்தில் விறைத்துக்கொண்டு ஒரு சிறுமி. கையில் பாதி பிஸ்கற். இடுப்பிலிருந்து கணுக்கால்வரை சிவப்பும் மஞ்சளுமாகக் கோடு கோடாகப் பாவாடை.

"பிள்ளை! ஓடிவா! இது நான்!"

மருமகள் ஓடிவந்தாள். பைலட் மேலேயிருந்து பெருமையோடு விளக்கம் சொன்னார். அவர் பென்சிலால் கீறி, பிறகு வர்ணம் பூசிய படமாம். திருகோணமலைப் பெண்பிள்ளைகளின் பரம்பரை உடையாம். இடுப்பில் இருப்பது இந்துக்களின் தெய்வக் குறியாம். இதைப்பற்றி ஒவ்வொரு வருசமும் கூட்டத்தில் பேசுவாராம்.

"மாமி, நாங்கள் பரம்பரையா இந்த உடுப்பாம்" என்று சொல்லும்போதே மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பரம்பரையோ! அது அவற்ற நாடா எண்டு சொல்லு!"

அவள் சொன்னாள். அப்போது கூட்டத்தில் மிகக் கட்டையான கிழவர் ஒருவர், கண்ணாடிக்கு மேலே பூதக்கண்ணாடி பிடித்துக்கொண்டு, கதிரையில் மெல்ல மெல்ல இறங்கி வந்தார். படத்துக்கு நேரே வந்ததும் கதிரையை நிறுத்தினார். படையணியின் சாமான் ஸ்ரோரில் வேலை செய்தவராம். படத்திலிருந்த சிறுமியின் இடுப்பைப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். பிறகு கதிரை குலுங்கக் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார்.

அது தெய்வக் குறி இல்லையாம். ராசாவின் சொத்து என்பதற்குப் போடுகிற அம்புக்குறியாம். யுத்தம் முழுக்க அதை அச்சடித்தது அவர் கையாம். கன்வஸில், கூடாரத்தில், கரண்டியில், கக்கூஸ் வாளியில்.

"என்ன வாளியில?" என்று கேட்டேன்.

"அந்த வாளியிலதான் மாமி" என்றாள் மருமகள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கக்கூஸ் வாளியின் குறியை அறுபது வருசமாகத் தெய்வக் குறி என்று இந்தப் பைலட் பிரசங்கம் செய்திருக்கிறார். எங்கள் அம்மாவும் அதை அம்மாளாச்சி என்றுதான் முன்பக்கம் வைத்துத் தைத்தா. எனவே நான் அவரைப் பார்த்து அதிகம் சிரிக்கவில்லை. கொஞ்சம்தான் சிரித்தேன்.

பைலட் படி இறங்கி வந்தார். கதிரையில் இல்லை, நடந்தே வந்தார். படத்துக்கு முன்னால் நின்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார், திரும்பப் படத்தைப் பார்த்தார். பிறகு கீழே போனார். துரையின் தட்டிலிருந்த மணல் பையை எடுத்து, தன்னுடைய தட்டில், உருளைக்கிழங்குக்கு மேலே வைத்தார்.

"இவன் கண்டது உண்மை. காணாதவன் நான்" என்றார்.

கைதூக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் எல்லாக் கிழவர்களும் கையைத் தூக்கினார்கள். சிலருக்கு ஒரு கை தடியில் இருந்ததால் தடியையே தூக்கினார்கள். மருமகளும் தூக்கினாள். துரை தூக்கவில்லை, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

கொஞ்சம் தெளிந்ததும் என்னிடம் ஒன்று கேட்டார். அந்தப் பைகளுக்குள் இருந்த காகிதங்கள் என்ன ஆயின?

அடுப்பில் போட்டோம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. "என்ன எழுதியிருந்தது எண்டு கேள்" என்றேன்.

மூன்றிலும் அவர் கையால் எழுதியது ஒன்றேதானாம்: 'கிடைத்ததா? பதில் தரவும்.'

"கிடைச்சது எண்டு சொல்லு பிள்ளை. மூண்டும் கிடைச்சது. நல்ல துணி எண்டும் சொல்லு."

புத்தகம் அடித்து வந்தது. காணாமல்போன பைகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார் துரை. அந்தப் படமும் இருக்கிறது. மருமகள் வாசித்துச் சொன்னாள். எல்லாம் சரி, அந்தப் படுக்கை விரிப்பு ஒன்றைத் தவிர. துரையிடம் கேட்டேன். வேட்டிக்கு இங்கிலீசில் சொல் கிடைக்கவில்லையாம். அதற்காக அப்பாவைப் படுக்கை விரிப்பைக் கட்டிக்கொண்டு கோயிலுக்கு அனுப்புவதா?

சிற்றிசன் சத்தியமும் நடந்தது. ஒருவரும் பையைப்பற்றிக் கேட்கவில்லை. மருமகள் எல்லோரையும்விடப் பலமாகச் சத்தியம் செய்தாள்.

இப்போது கோடையில் வியாழக்கிழமை வந்தால் துரை மூன்றாம் மாடி பல்கனியில் காத்திருப்பார். நான் வேட்டி விரித்து முடித்ததும் மேலேயிருந்து ஒரு சின்னப் பை போடுவார். சிவப்பு, மஞ்சள் நாடா கட்டி, உள்ளே பேரப்பிள்ளைகளுக்கு இனிப்பு. வேட்டியில் விழவேண்டும் என்பது கணக்கு. இதுவரை ஒன்றுகூட விழவில்லை. ஒன்று பக்கத்து வீட்டு நாயின் மேலே. ஒன்று மரத்தில், இன்னும் அங்கேதான் தொங்குகிறது. போன வாரம் போட்டது, விரலை ஆட்டிக்கொண்டு வந்த பிரெஞ்சுக்காரரின் தலையில். அவர் நிமிர்ந்து பார்த்து, இனிப்பை வாயில் போட்டுக்கொண்டு, "மெர்சி" என்று போய்விட்டார்.

எனக்கு இப்போது ஒரு சந்தேகம். மூன்றாம் மாடியிலிருந்தே குறி தவறுகிறவர், அன்றைக்குப் பிளேனிலிருந்து மூன்று பையை எங்கள் முற்றத்தில் எப்படிப் போட்டார்? உண்மையில் எங்கே போட நினைத்துப் போட்டாரோ! ஆனால் இதை நான் அந்த மண்டபத்தில் சொல்லவில்லை. இனியும் சொல்லப்போவதில்லை. தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

என் சின்னப் பேத்தி சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகிறவள். பிரெஞ்சில் சிரித்து, தமிழில் எழுத்துக்கூட்டுவாள், என்னைப் போலவே. வா பிள்ளை, இந்தக் கதிரையில் இரு. பாட்டி எழுதினது சரியோ பிழையோ எண்டு முதலில இருந்து ஒருக்கா வாசி பாப்பம். வேட்டி எண்டு வாற இடத்தில எல்லாம் பலமா வாசி. கடைசியில சந்தேகம் எண்டு வாற இடத்தை மட்டும் மெதுவா வாசி. துரைக்குத் தமிழ் தெரியாதுதான், எண்டாலும் மேல பல்கனியில நிக்கிறார்.